செருகுநிரலுக்கு நான் எழுதிய இரண்டு பத்திரங்கள்

வில்லியனூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் என்று அடுத்தவர் சொத்துக்கு நான் அடித்த பத்திரங்களுக்கு எண்ணிக்கை வைத்துக்கொண்டதில்லை. என் கையால் உண்டான ஒரு பொருளுக்கு நானே எழுதியவை இரண்டுதான். முதலாவது தப்பாகப் போயிற்று. இரண்டாவதை எழுதி முடிக்க ஒரு தவக்காலம் முழுவதும் ஆயிற்று. இரண்டுக்கும் சொத்து ஒன்றே. அதற்கு நாலெல்லையும் கிடையாது, சர்வே நம்பரும் கிடையாது. கம்ப்யூட்டரில் வேறொரு மென்பொருளோடு சேர்ந்து ஓடுகிற ஒரு சின்ன செருகுநிரல் அது.

நான் பத்தாவது பாஸ். பன்னிரண்டாவதில் கணக்கு காலை வாரிவிட்டது. தமிழ் டைப்பிங் மட்டும் ஹையர் வரைக்கும் முடித்தேன். அப்படிப்பட்டவன் மென்பொருள் செய்தேன் என்று சொன்னால் எங்கள் பங்குக் கோவிலில் சிரிப்பார்கள். ஆனால் இதைச் செய்யவைத்ததும் அந்தக் கணக்குதான்.

எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் நிலத்தின் அளவை மூன்று விதமாக எழுத வேண்டும். நிலத்துக்காரர் வாயில் வருவது குழி. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து ஏட்டில் இருப்பது ஹெக்டேர், ஆர், சென்டியார். மனை வாங்குகிறவர் கேட்பது சதுர அடி. மூன்றையும் எண்ணிலும் போட்டு எழுத்திலும் போட வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் பத்திரம் திரும்பி வந்துவிடும், பார்ட்டி எங்கள் முகத்தைப் பார்ப்பார். வருஷக்கணக்கில் இதைக் கால்குலேட்டரில் தட்டித் தட்டி விரல் மரத்துப் போயிருந்தது. எங்கள் கடைக்கு வந்த பழைய கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து மென்பொருளைத்தான் போட்டிருந்தார்கள். அதில் மேக்ரோ, அதாவது நம் வேலையைத் தானாகச் செய்கிற சின்ன நிரல், எழுதலாம் என்று தற்செயலாகத் தெரிந்துகொண்டேன். உதவிப் பக்கங்களைப் படித்தும் புரியாமல் திரும்பப் படித்தும் ஒன்றரை வருஷத்தில் ஒன்றைச் செய்து முடித்தேன். குழியைத் தட்டினால் போதும். ஆரும் சென்டியாரும் சதுர அடியும் எண்ணிலும் எழுத்திலும் தானாக வந்து பத்திரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதை மற்ற பத்திரக் கடைகளுக்கு விற்கலாம் என்று ஒரு நினைப்பு அப்போது இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இருந்தது.

அந்த வருஷம் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் வில்லியனூர் மாதா கோவில் குளத்துப் படியில் உட்கார்ந்தேன். ஜனங்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள், முடி கொடுப்பார்கள், வசதி இருப்பவர்கள் கோவிலுக்கு பெஞ்சு வாங்கிப் போடுவார்கள். என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அந்த ஒன்றுதான் இருந்தது. "தாயே, இவளை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நான் செய்ததை யார் வந்து கேட்டாலும் சும்மா கொடுக்கிறேன். ஒருத்தரும் அதற்காகக் கைகட்டி நிற்கக் கூடாது" என்று நேர்ந்துகொண்டேன். வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. ஏனென்றால் பிற்பாடு அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவள் பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

செருகுநிரல்களை எல்லோரும் எடுத்துக்கொள்வதற்கென்று இணையத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் ஏற்றும்போது ஒரு கட்டம் என்னை நிறுத்தியது. 'உரிமம்' என்று கேட்டது. எந்த நிபந்தனையின் பேரில் கொடுக்கிறாய் என்று அர்த்தம். நான் சந்தோஷப்பட்டேன். இந்த உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. சும்மா கொடுப்பதற்கு என்ன பத்திரம் போடுவோம்? தானம். தான செட்டில்மெண்ட் பத்திரத்தின் வாசகம் எனக்குக் கண்ணை மூடினாலும் வரும். அரை மணியில் அடித்து முடித்து, வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என் சுய நினைவுடனும் மன சம்மதத்துடனும், பிறர் தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் என்னவென்றால், மேற்படி செருகுநிரலைப் பெறுகிறவர்கள் இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது."

"கேக்க நல்லாத்தான் கீது" என்றாள். "ஆனா ஏங்க, வூட்டையே எழுதிக் குடுக்கற மாதிரி கீதே."

"தானம்னா அப்படித்தாம்மா. பாதி மனசோட குடுத்தா நேர்ச்சை இல்ல."

பத்திரத்தை ஏற்றினேன். மனசு நிறைந்திருந்தது. முதலில் நெட்டப்பாக்கத்திலிருந்து ஒருவர் எடுத்தார். பிறகு பாகூர்ப் பத்திரக் கடை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் எடுத்தாள், எனக்குத் தங்கச்சி மாதிரி. நான் அவளை நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். மீன்காரக் குடும்பம். அம்மா கூடை சுமக்க, இவள் டைப்பிங் படித்து வேலைக்கு வந்தவள். "அண்ணா, இது வந்ததுலேர்ந்து மத்தியானம் சோறு சூடா சாப்புடறேன்" என்று ஒரு நாள் சொன்னாள். அதை நான் மாதாவுக்குப் போய்ச் சேர்ந்த காணிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து அவளே போன் செய்தாள். குரல் சரியில்லை.

"அண்ணா, நீங்க குடுத்ததுல ஒரு கோளாறு கீதுண்ணா. ஒரே பத்திரத்துல மூணு நாலு துண்டு நெலம் வந்தா கூட்டல் ஒத்துப் போவல. ரெண்டு பத்திரம் திரும்பி வந்துடுச்சி. மொதலாளி கத்தறாரு."

பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு துண்டிலும் சென்டியாருக்குக் கீழே வரும் பின்னத்தை என் நிரல் விட்டுவிட்டிருந்தது. ஒரு துண்டு என்றால் தெரியாது. நாலு துண்டைக் கூட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். பன்னிரண்டாவதில் என்னை விட்டுப்போன கணக்கு இங்கேயும் விட்டுப்போயிருந்தது.

"நான் சரி பண்றேம்மா. ஒரு வாரம் குடு."

"அது இல்லண்ணா விஷயம். மூலக்குளத்துலேர்ந்து கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருத்தர் பென் டிரைவ்ல ஒண்ணு கொண்டாந்து போட்டாரு. உங்களதுதான். பேரை மட்டும் மாத்திக்கீறாரு. அதுல கூட்டல் சரியா வந்துச்சி. ஒரு மாசம் ஓடுச்சி. இப்ப தொறந்தா சாவி நம்பர் கேக்குது. வாங்கினாத்தான் தொறக்குமாம். உள்ள இன்னா கீதுன்னு பாக்கலாம்னா அதுவும் முடியல. உங்களதுல பாக்கலாம் இல்ல, அது மாதிரி இல்ல."

ஒருத்தரும் கைகட்டி நிற்கக் கூடாது என்று சொன்னவன் நான். பாகூரில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மூலக்குளம் போனேன். அந்த ரோட்டில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் எனக்குக் கோபம் பாதி ஆறிவிட்டது. சின்னக் கடை. என்னைவிடப் பத்து வயசு குறைந்த ஆள், மேஜைமேல் ஒரு பிரின்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாத்த, நீங்கதானா அது? நான் யாரோ என்ஜினியருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒக்காருங்க, டீ சொல்றேன்."

"டீ வேணாம்பா. அதுக்கு பூட்டு போட்டுக்கீறியாமே."

"போட்டேன்."

"அது சும்மா குடுத்தது."

"எனக்கும் சும்மாதான் குடுத்தீங்க. குடுத்தப்புறம் அது எனுது இல்லியா?"

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் தானப் பத்திரம். பிரின்ட் எடுத்து லேமினேஷனும் போட்டு வைத்திருந்தார். கோவிலில் வாசகம் படிப்பவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்.' விக்கிரயம்னா இன்னான்னு எங்க மாமாவுக்கு போன் போட்டு கேட்டேன். அவரு மனை வாங்கி விக்கறவரு. தாராளமா விக்கலாம்டா, எவனோ நல்லவன் கண்ண மூடிக்கினு எழுதிக் குடுத்துக்கீறான்னாரு. நீங்க எழுதினதுதானே? நான் ஒரு எழுத்தும் சேக்கல."

"நான் எழுதினதுதான்."

"அதோட நான் சும்மாவும் விக்கல. உங்க கணக்குல பின்னம் வுட்டுப் போச்சு. பதினஞ்சு நாள் குந்தி சரி பண்ணேன். அந்த ஒழப்புக்குத்தான் சாவி."

"சரி பண்ணத காட்டு."

சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. "அத காட்டிட்டா அப்பால பூட்டு எதுக்குண்ணா?"

பத்திரக் கடையில் வயதாகிக்கொண்டிருப்பவன் நான். மனசில் என்ன நினைத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். எத்தனை பேர் எங்கள் கடை வாசலில் வந்து, "நான் அப்படி நெனச்சி கையெழுத்து போடலீங்க" என்று அழுதிருக்கிறார்கள். அவர்களை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மூலக்குளத்து ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர்கள் எல்லோரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

எங்கள் பத்திர எழுத்தரிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாபா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? சரி, ரத்துப் பத்திரம் போடு."

"குடுத்தத திருப்பி வாங்கறது இல்லீங்க."

"அப்ப வுட்டுடு."

"வுடவும் மாட்டேன்."

பங்குச் சாமியாரிடமும் சொன்னேன். "நீ மனசார கொடுத்தாய். மாதாவுக்குத் தெரியும். நேர்ச்சை முடிந்துவிட்டது" என்றார். ஆறுதலாக இருந்தது, ஆனால் வீடு வருவதற்குள் அந்த ஆறுதல் தீர்ந்துவிட்டது. மாதாவுக்குத் தெரியும், சரி. பாகூர்க் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையே.

பின்னம் விட்டுப்போன கணக்கை ஒரு வாரத்தில் நானே சரி செய்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவர் செய்ததைப் பார்க்காமல், என் வழியில் செய்தேன். பொதுவில் ஏற்றவில்லை. பழைய பத்திரத்தின் பேரிலேயே ஏற்றினால் மறுநாள் அதற்கும் பூட்டு வரும். அதனால் பாகூர்த் தங்கச்சிக்கு மட்டும் அனுப்பினேன். அவள் கடையில் பத்திரங்கள் திரும்புவது நின்றது. ஆனால் மூன்றாம் நாளே கேட்டாள்.

"அண்ணா, பக்கத்து கடை அக்கா கேக்கறாங்க. அவங்களுக்கும் இதே தொல்லதான். குடுக்கட்டா?"

"கொஞ்சம் பொறும்மா. இப்ப குடுக்காத" என்றேன்.

போனை வைத்த பிறகு என் வாயால் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மூலக்குளத்துக்காரர் போட்டது சாவி நம்பர் பூட்டு. நான் போட்டது வாய்ப் பூட்டு. மாதாவிடம் சொன்ன சொல்லை உடைத்தவன் அவரில்லை, நான்தான். அன்று ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்: இதற்கு ஒரு சரியான பத்திரம் எழுதி, பொதுவில் வைத்து, அந்தப் பெண்ணிடம் 'கொடு' என்று சொல்லாமல் ஓயமாட்டேன். திருநீற்றுப் புதனுக்கு அப்போது இரண்டு நாள் இருந்தது. "அப்ப இந்தத் தவக்காலத்துக்கு உங்க ஒறுத்தல் அதுதான்" என்றாள் அவள். "கறி சாப்புடாம இருக்கறதவிட அது கஷ்டம்தான்."

முதலில் நான் எழுதியது, இன்று படித்தாலும் காது சிவக்கும். அதில் விற்கக் கூடாது என்று போட்டேன். பேர் மாற்றக் கூடாது. சாராயக் கடை, வட்டிக் கடை சம்பந்தப்பட்ட பத்திரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்கள் எழுத்து மூலம் என் சம்மதம் பெற வேண்டும். கடைசியாக, பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் முதல் தடவை திறக்கும்போது என் மனைவியின் உடம்புக்காக ஓர் 'அருள்நிறை மரியே' சொல்ல வேண்டும். மொத்தம் பதினோரு நிபந்தனை.

யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய சுதந்திர மென்பொருளில் ஆர்வம் உள்ளவர்கள் சிலர் தமிழில் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருக்கிறார்கள். என் முதல் மேக்ரோவுக்கே அதில் ஓர் அம்மா பொறுமையாக உதவி செய்திருக்கிறார். அவருக்கு இதை அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

'ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் அனுப்பியிருப்பது உரிமம் இல்லை, ஒரு ஆள்மீது கொடுத்த புகார். இன்ன வேலைக்கு ஆகாது, இன்னாருக்குக் கிடையாது, விற்கக் கூடாது என்று போட்டால் அது சுதந்திர மென்பொருளே ஆகாது. நீங்கள் தேடுவது ஏற்கெனவே இருக்கிறது. உலகம் முழுக்கப் பல வருஷமாகப் பழகி, வழக்கு மன்றம் வரை போய் நின்று பார்த்த உரிமம். இணைத்திருக்கிறேன். ஆங்கிலம்தான். தயவுசெய்து முழுதும் படியுங்கள்.'

திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போயிற்று. என் ஆங்கிலம், சர்வே நம்பரையும் பழைய நில ஏட்டின் கதஸ்தர் நம்பரையும் படிக்கிற ஆங்கிலம். எனக்கு வந்த முதல் நினைப்பு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்பதுதான். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியாததா? பிரின்ட் எடுத்தேன். காலையில் ஜெபம் முடிந்ததும், பால் வாங்கப் போவதற்கு முன்னால், ஒரு நாளைக்கு ஒரு பத்தி. பக்கத்தில் அகராதி. அர்த்தம் புரிந்ததைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். சில பத்திக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிரெஞ்சு ஆட்சியில் பத்திரம் எழுதிய நொத்தேர் காலத்து மூலப்பத்திரத்தைப் படித்து வில்லங்கம் பார்ப்பதும் இப்படித்தான். அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது.

மூன்றாவது வாரத்தில் சிக்கிக்கொண்டேன். விற்கலாம் என்கிறது. மாற்றலாம் என்கிறது. ஆனால் பூட்டக் கூடாது என்கிறது. விற்கிற உரிமை கொடுத்த பிறகு பூட்டாதே என்று எப்படிக் கட்டுப்படுத்த முடியும்? கிரயம் வாங்கியவன் வீட்டுக்குக் கதவு வைக்காதே என்று எந்தப் பத்திரத்தில் எழுதுவோம்? நாலு நாள் அதே பத்தியில் நின்றேன். மனைவி, "சாமியாரக் கேளுங்க" என்றாள். "அவருக்கு லத்தீன்தான் தெரியும்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஒரு பாகப்பிரிவினை வந்தது. அண்ணன், தம்பி, ஒரு தங்கை. நெல் நிலம் மூன்று பாகம். போர்வெல் கொட்டகையும், ரோட்டிலிருந்து அதற்குப் போகிற பாதையும் பொது. எங்கள் பத்திர எழுத்தர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

"'மேற்படி பாதை மூன்று பாகஸ்தருக்கும் பொதுவில் பாத்தியம். இதில் யாரும் தனி உரிமை கொண்டாடவோ, அடைக்கவோ, மறிக்கவோ கூடாது...'"

தம்பிக்காரர் குறுக்கே பேசினார். "சார், மழ வந்தா அது சேறு. என் செலவுல நான் ஜல்லி கொட்டிக்கினா?"

"தாராளமா கொட்டுபா."

"கொட்டினப்புறம் அந்த ஜல்லி மேல எங்கண்ணன் டிராக்டர் வுடுவாரே."

"வுடுவாருதான். நீ கொட்டினது பாதையில. உன் வயித்துல இல்ல."

தங்கைக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தம்பிக்காரர் விடவில்லை. "சரி, நான் என் பாகத்த வித்துட்டா?"

"வித்துக்கோ. யாருன்னா வேணாங்கறாங்களா? ஆனா வாங்கறவனயும் இது கட்டுப்படுத்தும். அவன் கிட்டேர்ந்து வாங்கறவனயும் கட்டுப்படுத்தும். பாத பாதயாத்தான் இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னாபா, ஏன் நிறுத்திட்ட? அடி."

என் விரல் நின்றுபோயிருந்தது. அந்த வாசகத்தை எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன். விற்கலாம், ஜல்லி கொட்டலாம், அடைக்கத்தான் கூடாது, வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். காலையில் நாலு நாளாக நான் முட்டிக்கொண்டிருந்த ஆங்கிலப் பத்தி, வரி மாறாமல் என் மேஜைமேல் இருந்தது. நான் பத்திர வகையையே தப்பாகப் போட்டிருக்கிறேன். கொடுக்கிற ஆசையில் தானம் எழுதிவிட்டேன். தானம் வாங்குகிறவரைச் சொந்தக்காரர் ஆக்கும். நான் எழுதியிருக்க வேண்டியது பொதுவழிப் பாத்தியம். அதில் யாரும் சொந்தக்காரர் ஆக மாட்டார், யாரும் நடக்கலாம்.

"அடிக்கறேன் சார்" என்றேன். அன்றைக்கு அந்தப் பத்திரத்தை ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் பத்தி முடிந்தது. அதற்குப் பிறகு மற்றவை வேகமாகப் போயின. இந்த நிரலால் உனக்கு நஷ்டம் வந்தால் நான் பொறுப்பில்லை என்று ஒரு பத்தி இருந்தது. அது மட்டும் எனக்கு வலித்தது. என் பிழையால் ஒரு பெண் திட்டு வாங்கியிருக்கிறாள், பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வது? மின்னஞ்சல் அம்மாவிடம் கேட்டேன். 'சட்டத்துக்கு அது வேண்டும் ஐயா. மனசுக்கு வேண்டியதை நீங்கள் போனை எடுத்துச் செய்துகொள்ளலாம்' என்று எழுதினார். சரி என்று பட்டது.

பெரிய வாரத்துக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. உரிமம் ஆங்கிலத்தில் உள்ளபடியே இருக்கும். அதில் ஓர் எழுத்தும் நான் தொடக் கூடாது. கூடவே ஒரு தமிழ் விளக்கக் குறிப்பு வைக்கலாம் என்று அந்த அம்மா அனுமதித்தார். அதை நான் பத்திர நடையில் எழுதினேன். 'மேற்படி செருகுநிரல் எல்லோருக்கும் பொதுவில். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதையும் திறந்தே கொடுக்க வேண்டும். யாரும் இதை அடைக்கக் கூடாது. பெறுகிறவரையும் அவரிடம் பெறுகிறவரையும் இது கட்டுப்படுத்தும்.' இனி எனக்குப் பாத்தியம் இல்லை என்ற பழைய வரியை எடுத்துவிட்டேன். எனக்கும் அதில் பாத்தியம் உண்டு, நடக்கிற எல்லோருக்கும் உள்ள அளவு.

பதினோரு நிபந்தனையில் பத்தை நீக்கிவிட்டேன். பதினோராவது, அந்த 'அருள்நிறை மரியே', அதை மட்டும் விட மனசு வரவில்லை. சனிக்கிழமை காலையில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கீரைக்குப் பதிலாக அன்றைக்கு வாழைப்பூ அவள் கையில் இருந்தது.

"எனக்காகவா?" என்றாள்.

"உனக்காகத்தானே இது உண்டானதே."

"அதுக்காக ஊரான் புள்ளைங்கள முட்டிப்போட வெப்பீங்களா? செய்யலன்னா இன்னா பண்ணுவீங்க, கேஸ் போடுவீங்களா?"

"நிபந்தன ஆகாதுன்னு அந்த அம்மாவும் சொன்னாங்க."

"அவங்க படிச்சவங்க. நான் சொல்றேன், கட்டாயத்துல சொல்ற ஜெபம் எனக்கு வேணாம். நீங்க ஒருத்தர் சொல்றீங்களே, அது போதும்." வாழைப்பூவை ஆய்வதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "வேணும்னா கேளுங்க. கேக்கறதுல தப்பு இல்ல."

அதை நிபந்தனையிலிருந்து எடுத்து, குறிப்பின் கடைசியில் வேண்டுகோளாகப் போட்டேன். 'முடிந்தால், உங்களுக்குத் தெரிந்த விதத்தில், இதை எழுதியவரின் மனைவிக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.'

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை காலையில் ஏற்றினேன். பின்னம் சரி செய்த கணக்கு, திறந்த நிரல், உரிமம், தமிழ்க் குறிப்பு, நான்கும். அன்று கட்டத்தில் 'உரிமம்' என்று கேட்டபோது கை தயங்கவில்லை.

அந்த வாரத்திலேயே மூலக்குளத்துக்காரர் போன் செய்தார்.

"அண்ணாத்த, புதுசு பாத்தேன். இதயும் விக்கலாமா?"

"விக்கலாம்."

"ஐய, அப்ப இன்னாத்துக்கு அன்னிக்கி அவ்ளோ மூஞ்சத் தூக்கிக்கினு போனீங்க?"

"வித்துக்கோ. பூட்டக் கூடாது. நீ எதுன்னா சரி பண்ணா அதயும் தொறந்து குடுக்கணும். வாங்கறவனயும் கட்டுப்படுத்தும்."

கீபோர்டு தட்டுவது மட்டும் கேட்டது. படித்துப் பார்க்கிறார் போலிருக்கிறது. "இந்தவாட்டி வெவரமாத்தான் எழுதிக்கீறீங்க" என்றார். "மாமாவக் கேட்டாலும் ஒண்ணும் தேறாது."

பழையது இன்னும் அவர் கடையில் பூட்டோடு விற்கிறது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் மாட்டேன். அதில் இருப்பது நான் மனசார எழுதிக்கொடுத்த எழுத்து. ஆனால் அந்தச் சாவியை வாங்கியே தீர வேண்டும் என்று இனி யாருக்கும் கட்டாயம் இல்லை. பக்கத்திலேயே பாதை திறந்து கிடக்கிறது.

பாகூர்த் தங்கச்சிக்கு நானே போன் செய்தேன். ஏற்கெனவே எடுத்துப் போட்டுவிட்டாளாம்.

"பக்கத்து கடை அக்கா இன்னும் கேட்டுக்கினேதான் கீறாங்க. இப்ப குடுக்கலாமாண்ணா?"

"குடும்மா."

"அவங்க தங்கச்சி கடலூர்ல இதே வேலதான் பாக்கறாங்க. அவங்க கேட்டா? ஒவ்வொருவாட்டியும் உங்களுக்கு போன் பண்ணி கேக்கணுமா?"

"யாரயும் கேக்க வேணாம்மா. என்னயும் கேக்க வேணாம்."

"சரிண்ணா." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "கடசில அண்ணிக்காக வேண்டிக்கச் சொல்லி எழுதிக்கீறீங்களே, படிச்சேன். எனக்கு உங்க ஜெபம்லாம் தெரியாது. எங்க ஊரு அம்மன் கிட்ட சொல்லிட்டேன். பரவால்லியா?"

பக்கத்தில் நின்றிருந்தவளிடம் போனைக் கொடுத்தேன். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.